பழைய ஆம்ப்ளிஃபயரும் கைபேசிச் சந்தையும்



ஆன்லைன் வணிகம் என்றதும் நமது கூட்டங்களில் மளிகை, ஜவுளி, செல்போன் ஆகிய மூன்றைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தன்று மேடையேறும் பேச்சுகளும் இவற்றைச் சுற்றியே அமைகின்றன. அதில் தவறில்லை. ஆனால் யாரும் அதிகம் பேசாத ஒரு சின்னத் தொழிலும் இதே அலையில் ஆடிக்கொண்டிருக்கிறது. பழைய ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், பாக்ஸ், டேப் ரிக்கார்டர், ரிக்கார்டு பிளேயர் போன்ற ஒலிச் சாதனங்களை வாங்கி விற்கும் தொழில்தான் அது.

சின்னத் தொழில்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கைபேசிச் சந்தை ஒரு வியாபாரியிடமிருந்து எதைப் பறித்துக்கொள்ளும், எதைப் பறிக்க முடியாது என்பதை இந்தத் தொழில் நன்றாகக் காட்டிக் கொடுக்கிறது. எந்தத் தொழிலில் இருப்பவருக்கும் இந்தக் கணக்கு உதவும்.

யார் வாங்குகிறார்கள்?

பெரிய நகரங்களில் பழைய ஒலிச் சாதனம் வாங்குவோர் பெரும்பாலும் ரசிகர்கள். நமது கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கதை வேறு. இங்கே வாங்குவோரில் பெரும்பாலோர் சவுண்ட் சர்வீஸ்காரர்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, துக்க வீடு என எதுவாக இருந்தாலும் ரேடியோ கட்டுவதற்கு ஆள் வேண்டும். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா தொடங்கி ஆடி மாதத்துக் கூழ் வார்த்தல் வரை இவர்களுக்கு வேலை உண்டு.

புதிய செட் ஒன்றை முழுதாக வாங்கித் தொழில் தொடங்க எல்லோராலும் முடியாது. பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், ஒரு 12 வோல்ட் பேட்டரி என்று தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டில் முன்னுக்கு வந்தவர்கள் அநேகம். கல்வராயன் மலையில் இதற்கு இன்னும் அவசியம். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் கரியாலூர், வெள்ளிமலை என்று ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. காற்றடித்தால் மின்சாரம் போகும். எனவே மின்சாரத்திலும் பேட்டரியிலும் ஓடும் பழைய ரக ஆம்ப்ளிஃபயருக்கு மலையில் என்றும் கிராக்கி உண்டு. மலைவாழ் இளைஞர் ஒருவருக்கு அந்தப் பழைய செட்தான் தொழில் முதல்.

விலை துண்டுக்குள் இருந்த காலம்

மாட்டுச் சந்தையில் தரகர்கள் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பழைய ஒலிச் சாதன வியாபாரமும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துவந்தது. சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போகும் வரை பழைய பொருள் தேடுவோர் அங்கே போவார்கள். ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் இருந்தன. அங்கே என்ன விலை போகிறது என்பது சென்னைக்குப் போய்வரும் வியாபாரிக்கு மட்டும்தான் தெரியும்.

சரக்கு வந்த வழிகளும் பல. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த ஸ்டீரியோ செட்டுகள், மூடிப்போன டூரிங் டாக்கீஸ்களின் ஆம்ப்ளிஃபயர்கள், தொழிலை விட்டவர்களின் மைக் செட்டுகள் என்று வரும். வீட்டுக்காரர் மெக்கானிக்கிடமோ காயலான் கடையிலோ போடுவார். அங்கிருந்து பழைய சாமான் கடைக்கு வரும். பிறகு சவுண்ட் சர்வீஸ்காரர் கைக்குப் போகும். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறும். விற்ற வீட்டுக்காரருக்கு மிகக் குறைவாகக் கிடைக்கும். கடைசியில் வாங்கும் மலைக்காரர் மிக அதிகமாகக் கொடுப்பார்.

அந்த லாபம் முழுவதும் அறியாமையின் மீது வைத்த லாபம் என்று சொல்லிவிட முடியாது. பழுது பார்க்கும் கூலி, லாரி வாடகை, விற்காமல் தங்கும் சரக்கு எல்லாம் அதில் அடக்கம். ஆடியில் செட்டை எடுத்துக்கொண்டு தை அறுவடையில் பணம் கட்டுபவர்களுக்குக் கொடுத்த கடனும் அடக்கம். ஆனாலும் அதில் ஒரு பகுதி, எதிராளிக்கு விலை தெரியாது என்பதால் மட்டுமே வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அந்தப் பகுதி இனி வராது.

சந்தை கைக்குள் வந்த விதம்

1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் ஏல இணையதளம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் அது ஈ-பே என்று பெயர் பெற்றது. அதில் முதலில் விற்ற பொருள் ஒரு பழுதான லேசர் பாயின்டர். 14 டாலர் 83 சென்டுக்குப் போனது. உடைந்த பொருளை எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, பழுதான லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பதாக வாங்கியவர் பதில் சொன்னாராம். பழைய சாமான் வியாபாரிக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. எந்தப் பொருளுக்கும் எங்கோ ஒருவர் காத்திருக்கிறார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் வியாபாரம்.

நம் நாட்டில் 2000-ல் பாஸி.காம் வந்தது. அதை 2004-ல் ஈ-பே வாங்கியது. ஓ.எல்.எக்ஸ்., குயிக்கர் ஆகியவை அடுத்து வந்து, வீட்டில் இருக்கும் பழையதைப் படம் பிடித்துப் போட்டால் விற்றுவிடலாம் என்று மக்களைப் பழக்கின. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியது. அதன் பிறகுதான் கிராமத்து இளைஞன் கையில் சந்தை முழுமையாக வந்து சேர்ந்தது. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேசும் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களும் இப்போது அந்த வேலையைச் செய்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அத்தனை பெரிய ஈ-பே, இந்தியாவில் தன் தளத்தை 2018-ல் மூடிவிட்டது. ஓ.எல்.எக்ஸின் இந்திய வணிகம் 2023-ல் கார்டிரேட் நிறுவனத்தின் கைக்குப் போனது. பெரிய சந்தைகளும் கை மாறும், கதவடைக்கும். கடைத்தெருவில் நாற்பது ஆண்டு நிற்பது சாதாரண காரியம் அல்ல.

கிடைத்த நன்மைகள்

நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, துண்டை உதறிவிட்டது கைபேசி. பரணில் தூசி படிந்து கிடக்கும் ரிக்கார்டு பிளேயருக்குப் பெங்களூரிலோ சென்னையிலோ ஆள் இருக்கிறார் என்பது சின்னசேலத்து வீட்டுக்காரருக்கு இப்போது தெரிகிறது. இசைத்தட்டு மோகம் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவில் 1986-க்குப் பிறகு முதல் முறையாக 2020-ல் இசைத்தட்டு விற்பனைத் தொகை சி.டி. விற்பனைத் தொகையை மிஞ்சியது. அதன் எதிரொலி இங்கேயும் கேட்கிறது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் தயாரித்த வால்வுகளைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். எடைக்குப் போன வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் இன்று பெயர் சொல்லி விலை போகின்றன.

நமக்கும் நன்மை உண்டு. உள்ளூரில் ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடந்த கேசட் டெக்கை வெளியூரில் விற்க முடிகிறது. கூம்பு வடிவக் குழாய்களுக்கு மாவட்ட நிர்வாகங்கள் தடை சொல்லத் தொடங்கியபின் தேங்கிப்போன சரக்கில், குழாயை விட்டுவிட்டு யூனிட்டுகளையும் மேட்சிங் டிரான்ஸ்பார்மர்களையும் உதிரியாக விற்க வழி பிறந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை வாடிக்கையாளர்களுக்கு நாம் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. கைபேசியில் தெரிவது கேட்கும் விலை. கொடுத்து வாங்கிய விலை அல்ல. ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு ஒருவர் இருபதாயிரம் என்று போட்டு, ஆறு மாதமாக அது விற்காமலே கிடக்கலாம். அதைக் காட்டி "அங்கே இருபதாயிரம் போகிறதே" என்று கடைக்கு வருகிறார்கள். அந்த விளம்பரம் எத்தனை நாளாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

தூக்கிப் பார்க்க முடியாத சரக்கு

கைபேசியால் முடியாதது எது என்று இனிப் பார்ப்போம்.

பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்க வருகிற அனுபவசாலி முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பார். எடை குறைந்தால் டிரான்ஸ்பார்மரில் செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பி சுற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படுவார். ஒலி கூட்டாமல் ஸ்பீக்கரில் காது வைத்து, 'உம்' என்ற இரைச்சல் வருகிறதா என்று கேட்பார். வந்தால் கன்டென்சர் காய்ந்துவிட்டது என்று பொருள். மூடியைக் கழற்றி அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒரிஜினலா, போலியா என்று பார்ப்பார். பாக்ஸ் என்றால் கோன் ஓரத்து ஃபோம் நொறுங்குகிறதா என்று விரலால் தொடுவார். டேப் டெக் என்றால் பெல்ட், ஹெட் தேய்மானம் பார்ப்பார். செட்டின் முகப்பில் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் சிரித்துக்கொண்டே ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேட்பார். இவற்றில் எதையும் போட்டோ சொல்லாது.

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். அங்கே சவுண்ட் சர்வீஸ் நடத்தும் இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் கைபேசியில் விளம்பரம் பார்த்து, வெளி மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் 250 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார். பெட்டி லாரி பார்சலில் கள்ளக்குறிச்சி வந்து மலைக்கு ஏறியது. திருவிழாவின் முதல் நாள் மாலை ஒரு மணி நேரம் பாடியது. பிறகு கருகிய நாற்றம் வந்து நின்றுவிட்டது. மறுநாள் காலை அதைத் தூக்கிக்கொண்டு எமது கடைக்கு வந்து சேர்ந்தார்.

"அய்யா, போட்டோவுல புதுசு மாதிரிதான் இருந்துச்சு. இன்னிக்கி ராத்திரி சாமி ஊர்வலம். ஊர்ல அட்வான்ஸ் வாங்கிட்டேன்" என்றார்.

மெக்கானிக் திறந்து பார்த்தார். அலுமினியம் சுற்றிய டிரான்ஸ்பார்மர், போலி டிரான்சிஸ்டர்கள். மேல் மூடிக்கு மட்டும் புதுப் பெயின்ட். விற்றவரின் எண்ணைக் கூப்பிட்டால் அணைந்து கிடந்தது. "சரி தம்பி, முதல்ல திருவிழா நடக்கட்டும்" என்று கடையில் சோதித்து வைத்திருந்த வேறு செட்டைக் கொடுத்து அனுப்பினோம். அன்று இரவு ஊர்வலம் நடந்தது. அவர் அனுப்பிய பணம் மட்டும் திரும்பவேயில்லை.

அந்த இளைஞர் இழக்க இருந்தது ஆம்ப்ளிஃபயர் விலையை மட்டும் அல்ல. சாமி ஊர்வலத்தில் ரேடியோ நின்றுபோனால் அடுத்த ஆண்டு அந்த ஊர் வேறு செட்காரரிடம் போய்விடும். பக்கத்து ஊருக்கும் பேச்சு பரவும். ஒரு திருவிழாவில் தொழிலே போய்விடும்.

ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி எது, மோசமான வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால், அவர் எல்லாவற்றுக்கும் ஒரே நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும் என்றார். இந்தத் துறையில் செய்த ஆராய்ச்சிக்காக 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கார் என்ற இடத்தில் ஆம்ப்ளிஃபயர் என்று போட்டுப் படித்தால் இன்றைய கைபேசிச் சந்தையின் நிலை விளங்கும். நல்ல பொருளை நல்லது என்று பொறுப்பேற்றுச் சொல்ல ஒருவர் தேவை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

பணம் பறிக்கும் வழிகள்

மோசமான சரக்கு ஒரு பக்கம். சரக்கே இல்லாத மோசடி இன்னொரு பக்கம். விற்க விளம்பரம் போட்டவருக்கு ஒருவர் போன் செய்வார். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வார். பேரமே பேசாமல் கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்வார். பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூ.ஆர். கோடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொல்வார். போட்டதும் விற்பவரின் கணக்கிலிருந்து பணம் போய்விடும். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் போடத் தேவையே இல்லை. இந்த ஒரு வரியைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

சட்டமும் வரியும்

பதிவு பெற்ற வியாபாரிகள் பலர் பழைய பொருளுக்கு முழு விற்பனை விலைக்கும் வரி கட்ட வேண்டும் என்று அஞ்சுகிறார்கள். 2017-ன் ஜி.எஸ்.டி. விதிகளில் 32(5) என்ற விதி இருக்கிறது. பழைய பொருளை வாங்கி, அப்படியே அல்லது அதன் தன்மை மாறாத சிறு சீரமைப்பு செய்து விற்கும் வியாபாரி, கொள்முதல் விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். அந்தக் கொள்முதலுக்கு உள்ளீட்டு வரி எடுத்திருக்கக் கூடாது. உதாரணமாக, 6,000 ரூபாய்க்கு வாங்கி 8,500 ரூபாய்க்கு விற்றால் 2,500 ரூபாய்க்குத்தான் வரி. நஷ்டத்துக்கு விற்றால் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. இதற்குக் கொள்முதல் விலைக்கு எழுத்து ஆதாரம் அவசியம்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்கும் சிறு வியாபாரிகள், 2023 அக்டோபர் 1 முதல் குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலும் மின்வணிகத் தளங்கள் வழியாக விற்கலாம். நிபந்தனைகளை உங்கள் கணக்காளரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

திருட்டுப் பொருள் விஷயத்தில் கவனம் மிக மிகத் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது குற்றம். கோயிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் காணாமல் போகும் மைக் செட் எங்கே வந்து சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சவுண்ட் சர்வீஸ் வாடிக்கையாளர்களுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளையும் நினைவூட்டுங்கள். ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். பொது இடங்களில் இரவு 10 முதல் காலை 6 வரை பயன்படுத்தக் கூடாது என்பதே பொது விதி. தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பவருக்கு முன்கூட்டியே சொல்வதும் வியாபாரம்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. வாங்கும் ஒவ்வொரு பழைய செட்டுக்கும் பதிவேட்டில் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம், செட்டின் வரிசை எண், கொடுத்த விலை ஆகியவற்றை எழுதி விற்றவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வரிக்கும் போலீசுக்கும் இந்த ஒரு பதிவேடு போதும்.

2. விற்பதற்கு முன் குறைந்தது இரண்டு மணி நேரம் முழு லோடில் ஓட்டிப் பாருங்கள். மின்சாரத்தில் ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை. மாற்றிய பாகம் எது, உள்ள குறை எது என்று ஒரு சீட்டில் எழுதி செட்டின் மேல் ஒட்டுங்கள். குறையைச் சொல்லி விற்ற பொருள் திரும்பி வராது.

3. பில் கொடுங்கள். 15 நாளாவது பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். முகம் தெரியாத விற்பனையாளர் இதைக் கொடுப்பதில்லை. இதற்காகச் சில நூறு ரூபாய் கூடக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

4. கைபேசியில் வாங்கிய செட்டைக் கொண்டுவருபவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். சோதனைக்கூலி என்று ஒரு தொகை வைத்துப் பார்த்துக் கொடுங்கள். வாங்குமுன் கடையில் வைத்துச் சோதிக்க விரும்பும் இரு தரப்பாருக்கும் இடம் கொடுங்கள். அடுத்த முறை நேராக நம்மிடமே வருவார்கள்.

5. அதே கைபேசிச் சந்தையில் நமது சரக்கையும் போடுவோம். கடைப் பெயர், ஊர், குறைகள் எல்லாம் சேர்த்துப் போடுவோம். விலையை ஒளிக்க வேண்டாம். வெளியூருக்கு அனுப்பும்போது டிரான்ஸ்பார்மர் ஆடாமல் கட்டி, பெட்டிக்குள் இடைவெளி இல்லாமல் அடைத்து அனுப்புவோம்.

6. மலை வாடிக்கையாளர்களுக்குத் திருவிழாக் காலத்தில் மாற்று செட் ஒன்றைத் தயாராக வைப்போம். மலையிறங்கி வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

சங்கமும் ஒரு வேலை செய்யலாம். பழைய பொருள் கொள்முதலுக்கு எல்லாக் கடைகளுக்கும் ஒரே மாதிரியான படிவம் ஒன்றை அச்சிட்டுக் கொடுக்கலாம். விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்காமல் விளம்பரம் ஏற்கக் கூடாது என்று இணையச் சந்தை நிறுவனங்களை வற்புறுத்தும்படி அரசுக்குக் கோரிக்கை வைக்கலாம்.

விலையைச் சொல்லும் வேலை இனி நம்முடையது அல்ல. அதைக் கைபேசி எடுத்துக்கொண்டது. போனதை நினைத்து அழுது பயனில்லை. சோதித்துக் கொடுப்பது, பழுது பார்ப்பது, கடன் கொடுத்துக் காத்திருப்பது, விற்ற பொருளுக்குப் பதில் சொல்வது ஆகிய வேலைகள் இன்னும் கடைத்தெருவில்தான் நடக்கின்றன. அவற்றுக்கு உரிய கூலியை மறைக்காமல் கேட்டு வாங்கவும் பழகிக்கொள்வோம். வரும் ஆடித் திருவிழாக்களுக்கு முன்பே பதிவேட்டையும் சோதனைச் சீட்டையும் நமது கடைகளில் தொடங்கிவிடுவோம்.